செல்லையா அண்ணாச்சியின் ஞாயிற்றுக்கிழமை ட்ரங்க் கால்

ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில் போன மாதம் ஒரு பெண் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். டெலிபோன் இலாகாவில் சேர்ந்து நாலு வருடம்கூட ஆகாத பெண். "அந்தக் காலத்துல ஆபரேட்டருங்க எல்லாரும் ஊர்ப் பேச்சு பூராத்தையும் ஒட்டுக் கேப்பீங்களாமே மேடம், நிஜமா?" என்றாள். சுற்றி இருந்த கிழடுகள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்துவிட்டுக் கையில் இருந்த வடையைத் தின்றேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டோம்தான். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் கேட்டேன். ஒரே ஒரு மனிதருடைய பேச்சை எட்டு மாதம், ஞாயிறு தவறாமல் கேட்டேன். அதனால் எனக்கு நடந்தது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை. எழுதினாலாவது பிடிபடுகிறதா பார்க்கிறேன்.

மதுரையில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். குரலைத் தாழ்த்தவும், நம்பரை ஒவ்வொன்றாகச் சொல்லவும், திட்டு வாங்கினால் திருப்பித் திட்டாமல் இருக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் இரண்டும் வந்தது. கடைசி நாளில், காதில் விழுந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொந்த ஊரான சங்கரன்கோவில் எக்சேஞ்சுக்கே அனுப்பிவிட்டார்கள். எழுபதுகளின் பிற்பாதி அது. எனக்கு இருபத்து நாலு வயது. ஊரில் பாதிப் பெண்களுக்குக் கோமதி என்று பேர் இருப்பதால் நான் 'எக்சேஞ்ச் கோமதி' ஆனேன்.

இன்றைக்குப் பிள்ளைகளுக்குப் புரியாது என்பதால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எதிரே சுவர் மாதிரி ஒரு போர்டு. அதில் ஊரில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு துளை, துளைக்கு மேலே சின்ன மூடி. சந்தாதாரர் தன் போனில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அந்த மூடி டப்பென்று விழும். நாம் கயிற்றின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகி, என்ன நம்பர் என்று கேட்டு, மறுமுனையை வேண்டிய துளையில் செருக வேண்டும். வெளியூர் என்றால் ட்ரங்க் கால். காலையில் பதிந்தால் திருநெல்வேலி, மதுரை என்று தொங்கித் தொங்கி எப்போதாவது மெட்ராஸ் கிடைக்கும். கிடைத்தால் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு முறை நாம் சாவி என்கிற விசையைத் தள்ளி, இரு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எங்கள் பழைய போர்டில் கேட்கிற சாவியும் பேசுகிற சாவியும் ஒன்றேதான். தள்ளினால் நம் காதும் வாயும் சேர்ந்தே லைனுக்குள் போய்விடும்.

அதற்குத்தான் எஸ்தர் அக்கா ஒரு விதி வைத்திருந்தார். எஸ்தர் அக்கா எங்கள் மானிட்டர், மேற்பார்வைக்காரர். பாளையங்கோட்டைக்காரர். முதுகுக்குப் பின்னால் ஒரு மேசை, மேசையில் ஒரு மர ஸ்கேல், ஆறிப்போன கடுங்காப்பி. எந்த ஆபரேட்டர் லைனையும் அங்கிருந்தே கேட்க அவரிடம் தனிச் சாவி உண்டு. சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. தப்புச் செய்தால் ஸ்கேல் மட்டும் மெதுவாக நம் பலகையில் வந்து படும். அந்த மெதுவுக்குத்தான் நான் பயந்தேன். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "சாவியத் தொறந்தா மூச்ச அடக்கு. பேசுதாங்களான்னு மட்டும் பாரு. பேசுனா மூடு. காது இலாகாவுக்கு, வாய் இலாகாவுக்கு. கேட்டது யாருக்கும் கெடையாது."

ஆறு மாதம் அப்படியே இருந்தேன். பிறகுதான் செல்லையா அண்ணாச்சி வந்தார். வந்தார் என்றால் மூடி விழுந்தது. நாலு விசைத்தறி வைத்திருந்தவர், ரங்கூனில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து தமிழர்களை எல்லாம் துரத்திவிட்டபோது கப்பலேறி அப்பா ஊருக்கு வந்து சேர்ந்தவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, ஒவ்வொரு ஞாயிறும் காலையில் மெட்ராஸில் ஓர் அரிசிக் கடை போனுக்குப் பதிவார், அங்கே ஒரு கிழவரை அழைத்து வரச் சொல்வார், அவரைச் 'சயா' என்று கூப்பிடுவார் என்பது மட்டும்தான். பர்மாக்காரர்கள் வாத்தியாரை அப்படிச் சொல்வார்களாம்.

முதல் முறை சாவியைத் தள்ளியபோது அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார், வயிறு எழும்புது, அமுங்குது, அதையே பாத்துக்கிட்டு இருக்கேன், ஆனா முட்டி வலி தாங்க முடியல என்று. சரி, வயிற்று நோயாளி வைத்தியரிடம் பேசுகிறார் என்று நினைத்தேன். வைத்தியர் மருந்து சொல்வார் என்று பார்த்தால், "வலின்னா வலின்னு குறிச்சுக்கோ செல்லையா. யாருக்கு வலிக்குதுன்னு தேடாதே" என்றார். இது என்ன வைத்தியம்? யாருக்கு வலிக்கும், முட்டி வைத்திருக்கிறவனுக்குத்தானே வலிக்கும்? எரிச்சலாக வந்தது. எரிச்சலில் சாவியை மூட மறந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்த முட்டி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறு வேறொருத்தியிடம் கெஞ்சி முறை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அது வைத்தியம் இல்லை, புத்தர் காட்டிய தியானம் என்று அதற்குள் புரிந்திருந்தது. விபாசனா என்று அதற்குப் பெயர் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். நடப்பதை நடப்பதாகப் பார்ப்பது, கேட்பதைக் கேட்பதாகப் பார்ப்பது, அதற்கு மேல் எதையும் ஒட்டாமல் இருப்பது. அப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒருநாள் விழிப்பு வருமாம். அண்ணாச்சி ஒரு முறை, நான் எவ்வளவு தூரம் வந்திருக்கேன் சயா என்று கேட்டுவிட்டார். "கேக்கறவன் இருக்கற வரைக்கும் தூரம்தான்" என்று பதில் வந்தது. நான் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். மனுஷன் பதிந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூராவும் காத்துக் கிடந்தால் இப்படியா சொல்வது?

திட்டிக்கொண்டேதான் நானும் ஆரம்பித்தேன். விடிகாலையில் வீட்டு மச்சில் உட்கார்ந்து வயிறு எழும்புது, அமுங்குது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது காலைத் தூக்குறேன், நகத்துறேன், வைக்கிறேன். காய்கறிக்காரி, 'காலுல முள்ளு ஏறிட்டா தாயி' என்று இரண்டு நாள் கேட்டாள். ஆனால் பாருங்கள், என் பாடம் முழுக்க மூன்று நிமிடத் துண்டு. சயா ஏதாவது முக்கியமாக ஆரம்பித்து, "அதுக்குப் பிறகு நீ..." என்பார். கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நீட்டிக்கணுமா என்று கேட்டால் அண்ணாச்சி வேண்டாம் என்பார். நானே கயிற்றைப் பிடுங்குவேன். என் கையாலேயே என் பாடத்தை வெட்டிவிட்டு, அதுக்குப் பிறகு என்ன, அதுக்குப் பிறகு என்ன என்று ஒரு வாரம் முழித்துக்கொண்டிருப்பேன். யாரிடம் கேட்பது? கேட்டால் எங்கே கேட்டாய் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முறைக்காக நான் அலைவதை எஸ்தர் அக்கா கவனித்துவிட்டார். ஒருநாள் ஸ்கேல் வந்து பலகையில் பட்டது. "ஏட்டி, அந்தத் தறிக்காரருக்குக் கல்யாணம் ஆயி மூணு பிள்ளைய இருக்கு, தெரியும்லா?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இல்லக்கா, வயிறு எழும்புறதுக்காகக் கேக்கேன் என்று சொன்னால் இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

ஏழாவது மாதம் எனக்கு ஒன்று நடந்தது. நடந்ததா, நான் கற்பனை செய்துகொண்டேனா, ராத்திரித் தூக்கம் போதாமல் வந்த மயக்கமா, எதுவும் நிச்சயமில்லை. போர்டில் மூடிகள் விழுந்துகொண்டிருந்தன, காதில் குரல்கள். திடீரென்று குரல் குரலாக இல்லை. உதிரி உதிரியாக, அரிசி கொட்டுகிற மாதிரி சத்தம் மட்டும். கேட்கிற ஆள் என்று அங்கே யாரையும் காணோம். ஒரு நிமிடம் அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. எதைப் பார்த்தாலும் உதிர்ந்துவிடும் என்று தோன்றியது. அம்மா சோறு போடும் கையைப் பார்த்தேன், அது கையாகவே நிற்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அம்மா, பிள்ளைக்கு என்னமோ பிடித்துவிட்டது என்று கோவில் புற்றுமண்ணை எடுத்து வந்து நெற்றியில் அப்பினாள்.

வேலையும் கெட்டது. பருத்திக் கமிஷன் கடைக்காரர் ராஜபாளையம் மில் கேட்டார், நான் பிரசவ ஆஸ்பத்திரியைக் கொடுத்துவிட்டேன். எத்தனை பொதி வந்திருக்கு என்று அவர் கேட்க, ரெட்டை, ரெண்டும் பொட்டப்பிள்ளை என்று நர்ஸ் சொல்ல, ஊரே ஒரு வாரம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கேல் ஒருநாளில் நாலு முறை வந்தது. நான் தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனா, அல்லது இதுதான் இடமா? எந்தத் துண்டில் இதற்குப் பதில் இருந்தது, நான் எப்போது அதை வெட்டினேன்?

அந்த வருடம் எங்கள் கோவில் ஆடித்தபசுத் திருவிழா ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். வெளியே ஆடிக் காற்று கம்பங்களைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. பதினோரு மணி வாக்கில் மெட்ராஸ் கிடைத்தது. சாவியைத் தள்ளினேன். நான் உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததை அண்ணாச்சி தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஒடையுது சயா. பாவு, தறி, எம்பிள்ளைய மொகம், எதுவும் நிக்க மாட்டேங்கு. ரெண்டு வாரமா ஒறக்கம் இல்ல. வீட்ல எல்லாரும் தபசுக்குப் போயிருக்காவ, நான் மட்டுந்தான் இருக்கேன். பொறவாசல்ல கெணறு இருக்கு சயா. அங்கனயே போயி போயி நிக்கேன். என்னன்னு தெரியல."

அத்தோடு அவர் பக்கம் செத்துவிட்டது. காற்றில் கம்பி அறுந்திருக்க வேண்டும். நான் மணி அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் மெட்ராஸ் பக்கம் உயிரோடு இருந்தது. சயாவுக்கு அறுந்தது தெரியாது. அவர் அவசரமே இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் முதல் முறையாக முழுப் பதில்.

"செல்லையா, இனிமே உக்காராதே. பத்து நாள் கண்ணை மூடாதே. சோறு சாப்பிடு, தறியில நில்லு, பிள்ளைகளோட படு. தனியா இருக்காதே. கிணத்துப் பக்கம் போகாதே. இது வழியில வர்ற இடம், எல்லாரும் இதைத் தாண்டித்தான் போறாங்க. நீ கெட்டுப் போகலை. கேக்குதா?"

"செல்லையா, கேக்குதா?" என்று மறுபடியும் கேட்டார்.

"கேக்குது" என்றேன் நான்.

என் வாயா அது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யாரம்மா என்றார் சயா. ஆபரேட்டர், லைன் அறுந்துபோச்சு, அவருக்கு நீங்க சொன்னது போகலை என்றேன். "உனக்குப் போச்சா?" என்று கேட்டார். போச்சு என்றேன். "அப்ப நீ போய்ச் சொல்லிடும்மா. இப்பவே போ" என்றார். மூன்று நிமிடம் ஆகிவிட்டது. கயிற்றைப் பிடுங்கினேன்.

லைன்மேனைக் கூப்பிட்டால், திருவிழாக் கூட்டத்தில் ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன், நாளைக்குப் பார்ப்போம் என்றார். நாளைக்கு என்றால் அந்த மனிதர் இருப்பாரா? போய்ச் சொன்னால், ஒட்டுக் கேட்டேன் என்று நானே ஊருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. உறுதிமொழித் தாளில் என் கையெழுத்து இருக்கிறது. வேலை போய்விடும். அப்பா இல்லாத வீடு, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. எஸ்தர் அக்கா மேசைக்குப் போய், அக்கா அந்தத் தறிக்காரர் லைன் அறுந்துட்டு, அவரு பேசினது என்னன்னா என்று ஆரம்பித்தேன்.

ஸ்கேலை என் வாய்க்கு நேரே நீட்டினார். "சொல்லாத. நீ சொன்னா நான் மேலிடத்துக்கு எழுதணும்." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "நீ இன்னும் சாப்பாட்டுக்குப் போகல. ஒரு மணி நேரம். ஹெட்செட்டக் கழத்தி வச்சிட்டுப் போ. அது இலாகாவோடது."

அவர் மேசையில் இருந்த சாவி திறந்து கிடந்ததா, மூடி இருந்ததா? அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவரும் கடைசி வரை சொல்லவில்லை.

கோவிலைச் சுற்றி ஆடிச்சுற்று சுற்றுகிற கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். அண்ணாச்சி வீடு இருந்த தறித்தெரு அன்றைக்கு ஓய்ந்து கிடந்தது, ஒரு தறிகூட ஓடவில்லை. தறிக்கூடத்தில் ஆளில்லை. கொல்லைக்குப் போனேன். கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நரைத்த தலை, மெலிந்த உடம்பு, கைலி கட்டிய ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். எட்டு மாதம் கேட்ட குரலுக்கு அன்றைக்குத்தான் முகம் கிடைத்தது. எனக்கு என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போர்டில் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"மெட்ராஸ்ல இருந்து சொல்லுதாவ அண்ணாச்சி."

திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். உக்காராதிய, சோறு சாப்பிடுங்க, தறியில நில்லுங்க, கெணத்துப் பக்கம் போகாதிய, நீங்க கெட்டுப் போகல. சொல்லச் சொல்ல எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அது எனக்கும் சொன்னது. அவர் கிணற்றுச் சுவரில் இருந்து கையை எடுத்தார். இரண்டு எட்டு தள்ளி வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"எக்சேஞ்ச் அம்மாவா?" என்றார்.

ஆமா அண்ணாச்சி, ஒட்டுக் கேட்டது தப்புத்தான், மன்னிச்சுக்கிடுங்க என்றேன்.

"நீங்க லைன்ல இருக்கது எனக்குத் தெரியும் தாயி. ஒங்க மூச்சு கேக்கும். மொதல்ல வேகம் வேகமா வரும், என்னமோ கோவத்துல இருக்க மாதிரி. தை மாசம் போல மெதுவாச்சு. இந்த ரெண்டு வாரமா மறுபடியும் தத்தளிக்கு. ஒங்களுக்கும் ஒடையுதோ?"

சாவியைத் திறந்தால் மூச்சை அடக்கு என்பது முதல் நாள் பாடம். மூச்சைப் பார்க்கிறேன் பேர்வழி என்று நான் எட்டு மாதமும் அதை அடக்காமலே இருந்திருக்கிறேன். நான் ஒளிந்துகொண்டு அவரைக் கேட்டதாக நினைத்திருந்தேன், அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சயாவும் கேட்டிருப்பாரோ? ஆமா உடையுது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி இரண்டு கும்பாவில் கொண்டுவந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் இருக்கும்போதே அவர் வீட்டம்மாவும் பிள்ளைகளும் மச்சினரும் வந்துவிட்டார்கள். அவரைத் தனியா விடாதிய என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மச்சினர்தான் மறுநாள் இலாகாவுக்கு மனு எழுதிப் போட்டார். எக்சேஞ்ச் பெண் போனில் பேசியதைக் கேட்டு வீடு தேடி வந்து சொல்கிறாள் என்று. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அத்தனையும் உண்மை. விசாரணைக்கு வந்த அதிகாரி, என்ன பேச்சைக் கேட்டாய் என்றார். அதைச் சொன்னால் உறுதிமொழியை மறுபடி மீறினதாகும் சார் என்றேன். மனிதர் பேனாவை வைத்துவிட்டு எஸ்தர் அக்காவைப் பார்த்தார். எஸ்தர் அக்கா ஜன்னலைப் பார்த்தார். வேலை போகவில்லை. பணிப்பதிவேட்டில் கண்டனம் எழுதி, மாதக் கடைசியோடு ட்ரங்க் போர்டில் இருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு முப்பது வருடம் வேறு வேறு ஊர், வேறு வேறு மேசை. போர்டுகளும் போய், ஆபரேட்டரும் போய், கடைசியில் பில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றேன். அந்தப் பயம் சில மாதத்தில் தானாகப் போனது. தாண்டிப் போனேனா, திரும்பி வந்துவிட்டேனா என்று சொல்ல எனக்கு ஆளில்லை.

ஆனால் ட்ரங்க் போர்டில் எனக்கு இன்னும் ஒரு ஞாயிறு மீதி இருந்தது. அண்ணாச்சி பதிந்திருந்தார். மெட்ராஸ் கிடைத்தது, சேர்த்துவிட்டுச் சாவியை மூடிவிட்டேன். இனிமேல் கேட்பதில்லை என்று வைராக்கியம். முதல் நிமிடச் சோதனைக்குத் தள்ளினேன், மூச்சை நன்றாக அடக்கிக்கொண்டு. பேச்சே இல்லை. மூடிவிட்டு இரண்டாவது நிமிடத்தில் மறுபடி தள்ளினேன். அப்போதும் இல்லை. பேச்சு இல்லாவிட்டால் கேட்க வேண்டும் என்பது விதி. "ஹலோ, பேசுதியளா?" என்றேன்.

"இல்ல தாயி, சும்மா இருக்கோம்" என்றார் அண்ணாச்சி. "நீங்களும் மூச்ச விடுங்க."

விட்டேன். மெட்ராஸில் ஒரு மூச்சு, தறித்தெருவில் ஒன்று, போர்டில் ஒன்று. கம்பியின் இரைச்சலுக்குள் போய்ப் போய் வந்தது. எழும்புது, அமுங்குது. கொஞ்ச நேரத்தில் எது யாருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பயமாகவும் இல்லை. மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை. பின்னால் இருந்து ஸ்கேல் வந்து என் பலகையில் மெதுவாகப் பட்டது.

"மூணு நிமிஷம் ஆச்சு, கோமதி" என்றார் எஸ்தர் அக்கா.

கயிற்றைப் பிடுங்கினேன். பில்லுக்கான டிக்கெட்டில் மூன்று நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் அங்கே யார் இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. கையெழுத்து என்னுடையதுதான்.